ஆரோக்கியச் சான்று வாங்கிய மூவர்

“தங்கள் சமூகம் ஆரோக்கியமாக இருப்பதாகத் தெரிகிறது. எனவே அதைச் சோதிக்க விரும்புகிறோம்” என்று மின்னஞ்சல் தொடங்கியது.

மருந்தாளர் முதலில் அதைக் குடியிருப்போர் சங்க விவகாரம் என்று நினைத்தார். மூன்றாம் மாடியில் தண்ணீர்த் தொட்டி வழிவது பற்றி அவர் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அதுதான் குற்றமாகியிருக்குமோ என்று யோசித்துக்கொண்டே கீழே படித்தார். அனுப்பியிருந்தது திறந்த மென்பொருள் சமூக ஆரோக்கிய மதிப்பீட்டு மன்றம். சோதிக்கப்போவது ‘வேளை’யை.

‘வேளை’ ஒரு சின்ன மென்பொருள். மருந்து டப்பாவின் மேல் ஒட்டும் லேபிளை அச்சடிக்கும். எந்த மாத்திரை, காலையா இரவா, சாப்பிடும் முன்பா பின்பா என்று பார்வை மங்கியவர்களும் படிக்கும்படி பெரிய எழுத்தில் அச்சடிக்கும். வேறொன்றும் செய்யாது. மருத்துவமனையின் மருந்து ஜன்னலில் மருந்தாளர் கையால் எழுதித்தந்த காலத்தில், ஓர் அம்மா இரவு மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு மாடிப்படியில் உருண்டார். எழுத்து மருந்தாளருடையதுதான். ‘கா’ என்று எழுதினாரா ‘இ’ என்று எழுதினாரா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. அதன்பிறகுதான் அவர் புத்தகம் வாங்கிக் கணினி மொழி படித்து ‘வேளை’யை எழுதினார். இணையத்தில் திறந்துவைத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், பிழை இருந்தால் திருத்தி அனுப்பலாம்.

அப்படி வந்து சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கால்நடை மருத்துவரான ஓர் அம்மாள். ஒரு நாய்க்கு அவர் எழுதித்தந்த மருந்தை நாயின் சொந்தக்காரர் தானே விழுங்கிவிட்டு, கொஞ்சம் சுறுசுறுப்பாக இருப்பதாக வந்து சொன்ன அன்று, நோயாளி யார் என்பதையும் லேபிளில் அச்சடிக்கும் வசதியை அந்த அம்மாள் எழுதிச் சேர்த்தார். இன்னொருவர் தன்னை ‘ஆந்தை’ என்று சொல்லிக்கொண்டார். முதல் நாள் அவர் அனுப்பியது இவ்வளவுதான்: “அரை மாத்திரை (1/2), பழைய அச்சு இயந்திரங்களில் நடுக்கோடு இல்லாமல் பன்னிரண்டு என்று விழுகிறது. திருத்தியிருக்கிறேன்.” மருந்தாளருக்கு வியர்த்துவிட்டது. நன்றி எழுதினார். ஆந்தை “சரி” என்று பதில் போட்டது.

அதன்பிறகு வருடக்கணக்காக மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்களுடைய விவாதப் பக்கத்தில் “பார்த்தேன்”, “சரி”, “சேர்த்துவிட்டேன்” என்பவற்றைத் தவிர அதிகம் இல்லை. ஆந்தை ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயசு என்று மற்ற இருவருக்கும் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை. லேபிள் சரியாக விழுந்துகொண்டிருந்தது.

மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு மருந்தாளர் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் போனார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“மேல இருந்து உத்தரவு வந்துடுச்சு. இனிமே ஆரோக்கியச் சான்று இல்லாத மென்பொருள் ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கக்கூடாது.”

“நல்லாத்தானே சார் ஓடிட்டிருக்கு?”

“ஓடறது வேற, ஆரோக்கியம் வேற. சான்று வாங்கிடுங்க. இல்லேன்னா பழையபடி கையால எழுத வேண்டியதுதான்.”

மருந்தாளர் தன் வலதுகையைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

மதிப்பீட்டாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்தார். மெல்லிய குரல், மடிப்புக் கலையாத சட்டை. உட்கார்வதற்கு முன் நாற்காலியைத் திருப்பி அடியில் பார்த்தார். “பழக்கம்” என்றார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டார்.

“உங்க குழுவுல சண்டை வருமா?”

“இல்லீங்க.”

“ஏன்?”

“சண்டை போடற மாதிரி ஒண்ணும் வரல.”

“இத்தனை வருஷத்துல ஒரு மனவருத்தம்கூடப் பதிவாகல. இது உங்களுக்கு இயற்கையாப் படுதா?”

“அவங்கவங்க வேலையைப் பாத்துக்கிட்டு இருந்தோம்.”

“அதைத்தான் நாங்க ஆரம்ப அறிகுறின்னு சொல்றோம்.” அவர் எதையோ தட்டினார். “சரி, புகார் வந்தா எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்றீங்க?”

“புகார் அதிகமா வர்றதில்லீங்க.”

“வராத புகாருக்கு நான் எப்படி மார்க் போடறது?”

வராத புகார்களுக்காக மன்னிப்புக் கேட்கலாமா என்று மருந்தாளர் ஒரு கணம் யோசித்தார்.

“அடுத்தது பஸ் குணகம்” என்றார் மதிப்பீட்டாளர். “உங்க மூணு பேர்ல எத்தனை பேர் மேல பஸ் ஏறினா வேலை நின்னுபோகும்?”

தேநீர் கொண்டுவந்த மனைவி வாசற்படியிலேயே நின்றார். “எந்த பஸ்?”

“எந்த பஸ்ஸா இருந்தாலும் பரவாயில்லம்மா. பொதுவாக் கேக்கறேன்.”

“இவர் பஸ்ல போறதே இல்ல. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போவார்.”

“நடக்கறவங்களுக்குத்தாம்மா ஆபத்து அதிகம்” என்று சொல்லி அதையும் தட்டிக்கொண்டார். “இவர் இல்லாம போனா யார் பாத்துப்பாங்கன்னு வீட்டுல பேசியிருக்கீங்களா?”

மனைவி தேநீரை மேசையில் வைத்தார். வைத்த விதத்தில் கொஞ்சம் சிந்தியது. அன்றிலிருந்து ஒரு மாதம் மருந்தாளர் தெருவைக் கடக்கும்போதெல்லாம் பின்னால் மனைவியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியாக மதிப்பீட்டாளர் கணினியை அவர் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு படம், சீப்பின் பற்களைப் போல ஒழுங்காக.

“இது உங்க ஆந்தையோட வேலை நேரம். வாரத்துல மூணு நாள். அதே கிழமைங்க, அதே மதியம், அதே மாதிரி சாயங்காலம் வரைக்கும். புயல் அடிச்ச வாரத்துலயும் மாறல. ஊரே லீவு விட்ட நாள்லயும் மாறல. அந்த நேரத்துக்கு வெளியில ஒரு எழுத்துக்கூட இல்ல.”

“ஒழுங்கான ஆளா இருக்கலாம்.”

“மனுஷன்னா லீவு போடுவான் சார். தலைவலிக்கும். சினிமாவுக்குப் போவான். நிறுவனந்தான் லீவு போடாது.” அவர் குரலை இன்னும் தணித்தார். “உங்க லேபிள் எத்தனை ஆஸ்பத்திரியில ஒட்டறாங்க? யாரோ பல வருஷமாப் பொறுமையா உள்ள உட்கார்ந்திருக்காங்க. எதுக்கு?”

அவர் போன பிறகு மருந்தாளர் வெகுநேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அவரும் அதைத் திருப்பி அடியில் பார்த்தார்.

அடுத்த வாரம் மூவருக்கும் ரகசியக் கேள்விகள் வந்தன. பதில் சொல்பவரின் அடையாளம் எக்காரணம் கொண்டும் வெளியிடப்படாது என்று மேலே தடித்த எழுத்தில் இருந்தது. அதில் ஒன்று: “சக பங்களிப்பாளர்களில் யாரையாவது நினைத்தால் உங்களுக்கு நெருடல் உண்டாகிறதா? இல்லை என்றால், அதை ஏன் மறைக்கிறீர்கள்?”

மருந்தாளர் நேர்மையானவர். காலியாக விட்டால் தப்பாக நினைப்பார்கள். “மூன்றாமவர் யார் என்று எனக்குத் தெரியாது. சில சமயம் யோசிப்பதுண்டு” என்று எழுதினார். உண்மையில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவர் யோசித்ததே இல்லை.

இடைக்கால அறிக்கையை மன்றம் ‘வேளை’யின் விவாதப் பக்கத்திலேயே வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை அவர்களுடைய முதல் கொள்கை. “அடையாளம் காக்கும் பொருட்டுப் பெயர்களைத் தவிர்க்கிறோம்” என்று சொல்லிவிட்டு அறிக்கை தொடர்ந்தது: “மூன்று பங்களிப்பாளர்களில், மருத்துவமனை மருந்து ஜன்னலில் பணியாற்றும் ஒருவர், மூன்றாமவர் மீது நீண்டகாலச் சந்தேகம் கொண்டிருக்கிறார். கால்நடைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவர், முதலாமவரிடம் ஆதிக்கப்போக்கைக் காண்கிறார். மீதியுள்ள ஒருவர் எவர் மீதும் நெருடல் இல்லை என்கிறார். இதுவே மிகவும் கவலைக்குரியது.”

கால்நடை மருத்துவர் உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னால் ஒரு பூனை விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“சார், நான் அப்படிச் சொல்லல. நீங்க விடியக்காலைல எல்லாம் மாத்தம் பண்றீங்க, சரியாத் தூங்கறீங்களோ இல்லையோன்னு கவலையா இருக்குன்னுதான் எழுதினேன்.”

“தெரியும் டாக்டர்.”

“எப்படித் தெரியும்? படிச்சதும் ஒரு நிமிஷம் நம்பினீங்கதானே?”

மருந்தாளர் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார்.

“நம்பினீங்க. சரி, நீங்க ஆந்தையைப் பத்தி என்ன எழுதினீங்க?”

“சில சமயம் யோசிப்பதுண்டுன்னு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அதுவே போதும் சார்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அறிக்கையின் பின்பகுதியில் பரிந்துரைகள் இருந்தன. புதியவர்கள் வரவேண்டும். நடத்தைக் குழு ஒன்று வேண்டும். விவாதம் பெருகவேண்டும். குழுவில் ஆட்கள் போதாததால் மருந்தாளர் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். அவன் டயர் கடை வைத்திருக்கிறான். கணினியில் அவனுக்குப் படம் பார்க்கத் தெரியும்.

“நான் என்ன மாமா எழுதணும்?”

“ஏதாவது ஒரு திருத்தம். எழுத்துப்பிழை இருந்தாக்கூடப் போதும்.”

அவன் உதவிப் பக்கத்தில் ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டான். மன்றத்திலிருந்து அவனுக்கு வாழ்த்து மடல் வந்தது. அடுத்த நாள் அதே காற்புள்ளியைத் திரும்ப வைத்தான். இரண்டாம் முறை பங்களித்ததால் ‘நிலைத்த பங்களிப்பாளர்’ ஆனான். வேறு யாரும் இல்லாததால் நடத்தைக் குழுவுக்குத் தலைவரும் ஆனான். கடையில் டயர் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னான்.

மதிப்பீட்டாளர் மறுபடி அழைத்தார். “நடத்தை விதி போட்டிருக்கீங்க. சந்தோஷம். அது வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?”

“இதுவரைக்கும் யாரும் மீறலீங்க.”

“அதான் கேக்கறேன். பிரேக் பிடிக்குதான்னு பாக்கணும்னா வண்டி ஓடணும் இல்லையா?”

மைத்துனன் பெருந்தன்மையாக முன்வந்தான். “மீறத்தானே மாமா ஆள் வேணும்? நானே மீறறேன்.” விவாதப் பக்கத்தில், “லேபிள் பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை” என்று எழுதினான். இது கருத்து, மீறல் ஆகாது என்று மன்றம் திருப்பி அனுப்பியது. “லேபிள் எழுதினவனுக்குக் கண் இல்லை” என்று எழுதினான். இது எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவதாக, டயர் கடைப் பையன்களிடம் அவன் வழக்கமாகப் பேசுவதை எழுதினான். மன்றம் உடனே ஏற்றுக்கொண்டது. நடத்தைக் குழுத் தலைவர் என்ற முறையில் அவனே தன்னை விசாரித்து, வருத்தம் தெரிவித்துக்கொண்டு, தன்னை இரண்டு வாரம் இடைநீக்கம் செய்தான்.

அன்று மாலை மனைவி கதவைத் திறக்கும்போதே கேட்டார். “என் தம்பியை எதுக்கு வெலக்கி வச்சிருக்கீங்க?”

“அவனேதான் வெலக்கிக்கிட்டான்.”

“அவன் ஏன் அப்படிப் பண்ணப்போறான்? நீங்க ஏதாவது சொல்லியிருப்பீங்க.” அவர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. “பஸ்ஸு, வெலக்கறது, ரகசியக் கேள்வி. நீங்க நெசமாவே லேபிள்தான் எழுதறீங்களா?”

இந்தக் களேபரத்தில் ஆந்தை எழுதுவதை நிறுத்தியிருந்ததை மருந்தாளர் தாமதமாகத்தான் கவனித்தார். வழக்கமான கிழமை வந்தது, மதியம் வந்தது, பக்கம் காலியாக இருந்தது. அடுத்த கிழமையும் அப்படியே போயிற்று. அந்த வாரம் முழுக்கச் சீப்பில் பல் விழுந்துவிட்டது.

மன்றத்தில் உற்சாகம் தொற்றிக்கொண்டது. “பாத்தீங்களா?” என்றார் மதிப்பீட்டாளர். “கேள்வி கேட்டதும் காணாமப் போயிட்டார். நீங்க உடனே அவர் எழுதின எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்க.”

மருந்தாளர் சோதித்தார். கால்நடை மருத்துவரும் பாதியை வாங்கிக்கொண்டார். கோபம் இருந்தாலும் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு வரி மாறினால் இரவு காலையாகிவிடும். ஆந்தை எழுதிய ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது எதற்கு, இது யாருக்கு லாபம் என்று கேட்டார்கள். நல்லெண்ணத்தோடு வாசித்தபோது எளிமையாகத் தெரிந்த வரிகள் இப்போது தந்திரமாகத் தெரிந்தன. இரண்டு முறை மருந்தாளர் பிடித்துவிட்டதாக நினைத்து நாற்காலியிலிருந்து எழுந்தார். இரண்டும் அவரே செய்த பழைய தவறுகள். ஆந்தை யாரிடமும் சொல்லாமல் திருத்திவைத்திருந்தது. குழந்தைகளுக்கான அளவு கணக்கிடும் இடத்தில் அவர் போட்டிருந்த ஒரு தப்பு, ஒரு வார்த்தை குற்றம் சொல்லப்படாமல், சரிசெய்யப்பட்டிருந்தது.

“ஒண்ணுமே கிடைக்கலியா?” என்றார் மதிப்பீட்டாளர்.

“இல்லீங்க.”

“அப்ப நல்லாவே மறைச்சிருக்கார்.”

மருந்தாளர் முதல் முறையாக, பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்தார். பிறகு ஆந்தைக்கு எழுதினார். பலமுறை எழுதி அழித்த பிறகு மிஞ்சியது ஒரே கேள்வி: “நீங்கள் யார்?”

மறுநாள் ஒரு முகவரியும், “வந்து பாருங்கள்” என்பதும் வந்தன. சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. எழுத்துகள் இடம் மாறியிருந்தன. வேறு யாரோ எழுதியது போல இருந்தது.

தனியாகப் போகப் பயமாக இருந்ததால் கால்நடை மருத்துவரையும் அழைத்தார். பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். பாதி வழியில் அந்த அம்மாள் சொன்னார்: “மூணுல ரெண்டு பேர் ஒரே பஸ்ல போறோம். மன்றத்துக்குத் தெரிஞ்சா மயக்கம் போட்டுடுவாங்க.” மருந்தாளர் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தது அன்றுதான்.

முகவரியில் ஒரு நிறுவனத்தை அவர் எதிர்பார்த்திருந்தார். கண்ணாடிக் கட்டடம், வாசலில் காவலாளி. இருந்தது ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் மையம். உள்ளே நீள அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆளுயர இயந்திரம் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. சுவரில் தொலைக்காட்சி ஒலியில்லாமல் ஓடியது. செவிலி மூலை நாற்காலியைக் காட்டினார்.

ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். மடியில் சாய்வாக ஒரு பலகை, அதில் மடிக்கணினி. வலதுகையில் இரண்டு ஊசிகள், அவற்றிலிருந்து சிவப்புக் குழாய்கள். இடதுகையின் ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்.

“மருந்தாளரா?” என்றார் நிமிராமலே. “ஒரு நிமிஷம், இந்த வரியை முடிச்சுடறேன்.”

இருவரும் நின்றார்கள். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இவ்வளவு நாள் இடதுகையில ஊசி, வலதுகையில வேலை. இடதுகையில ரத்தக்குழாய் அடைச்சுக்கிச்சு. ஆபரேஷன் பண்ணி ஊசியை வலதுகைக்கு மாத்திட்டாங்க. இடதுகைக்கு இன்னும் எழுத்து தெரியல. அதான் வரல.”

“அதனாலதான் எப்பவும் ஒரே வார்த்தையில...” என்று ஆரம்பித்தார் கால்நடை மருத்துவர்.

“ஒரு கையால பெரிய கடுதாசியா எழுத முடியும்? என் பதில்ல அன்பு போதலன்னு மன்றத்துல மார்க் குறைச்சிருக்காங்க, பாத்தேன்.”

அவர் நில அளவையாளராக இருந்தவர். உடம்பு முடியாமல் போய் வேலையை விட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் இந்த நாற்காலிதான். ஒருநாள் தன் மருந்து டப்பாவிலேயே பன்னிரண்டு மாத்திரை என்று அச்சாகியிருந்ததைப் பார்த்திருக்கிறார்.

“உங்களுக்கு என் மேல சந்தேகம்னு அறிக்கையில போட்டிருந்தாங்களே” என்றார் மருந்தாளரிடம்.

“ஆமாங்க.” மருந்தாளருக்கு நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை. “சில சமயம் யோசிப்பதுண்டுன்னு எழுதினேன். தப்புதான்.”

“தப்பு என்ன? அந்தப் பன்னெண்டைப் பாத்த அன்னிக்கு நானுந்தான் உங்களைப் பத்தி யோசிச்சேன். இதை எழுதினவன் ஆளைக் கொல்லப் பாக்கறானோன்னு. உள்ள போய்ப் படிச்சேன். படிச்சதும் தெரிஞ்சுபோச்சு, பாவம், பயந்து பயந்து எழுதியிருக்கார்னு.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இப்படி உடம்பு முடியலன்னு” என்றார் கால்நடை மருத்துவர்.

“நீங்க கேக்கலியே. அதான் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. என்னைப் பாக்கறவங்க எல்லாம் எப்படி இருக்கீங்கன்னு கேக்கறாங்க. நீங்க ரெண்டு பேர்தான் அச்சு மெஷின் எப்படி இருக்குன்னு கேட்டீங்க.” பிறகு சொன்னார்: “மன்றத்துக்கிட்ட இதைச் சொல்ல வேண்டாம். என்னைப் பாத்தா பஸ்ஸே தேவையில்லன்னு எழுதிடுவாங்க.”

இறுதி விசாரணை மன்றத்தின் தலைமை அலுவலகத்தில் நடந்தது. ஒவ்வோர் அறையின் கதவிலும் சின்னக் கண்ணாடி ஜன்னல். ஒவ்வொன்றின் வெளியிலும் யாராவது ஒருவர் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்ட அறையில் நீண்ட மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் நிறைய இருந்தார்கள். ‘வேளை’யின் சார்பில் மருந்தாளர் மட்டும்.

தலைவர் எழுந்து பேசினார்.

“நண்பர்களே, நாம் ஒரு வரி மென்பொருளும் எழுதியதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. எழுதுகிறவனுக்குத் தன் வேலை மேல் பற்று வந்துவிடுகிறது. பற்று வந்தால் பார்வை கெட்டுவிடும். நமக்கு அந்த ஆபத்து இல்லை. நம்மிடம் வரும்போது சமூகங்கள் தாங்கள் நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் வருகின்றன. நாம் தொட்ட பிறகு எந்தச் சமூகமும் அப்படி நினைத்ததில்லை. சென்ற ஆண்டு நாம் மதிப்பிட்டவற்றில் பெரும்பாலானவை கலைந்துவிட்டன. நம் சந்தேகம் எவ்வளவு சரியானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? நம்பிக்கையை அளக்கக் கருவி இல்லை என்கிறார்கள். எனவேதான் நாம் சந்தேகத்தை அளக்கிறோம். அது எங்கும் தாராளமாகக் கிடைக்கிறது.”

கைதட்டினார்கள். யார் முதலில் நிறுத்துகிறார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே தட்டியதால் அது நீண்டுகொண்டு போயிற்று.

பிறகு தலைவர் மருந்தாளர் பக்கம் திரும்பினார். “ஆந்தை யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன்.”

மேசையின் ஒரு கோடியில், “ரகசியம் காக்கிறார்கள் என்றால் நெருக்கம் இருக்கிறது” என்றார் ஓர் அதிகாரி. மறுகோடியில், “ரகசியம் காக்கிறார்கள் என்றால் சதி இருக்கிறது” என்றார் இன்னொருவர்.

“சொல்லலேன்னா சான்று கிடைக்காது” என்றார் தலைவர்.

“வேண்டாங்க. நாங்க விலகிக்கறோம்.” மருந்தாளர் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார். “நான் கையாலயே எழுதிக்கறேன். மெதுவா எழுதறேன். ஒரு ஆளுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டறேன். அவர் யாருன்னு கேட்டதே எனக்குப் போதும்போதும்னு ஆயிடுச்சு.”

வெளியே வந்து படியிறங்கினார். இனி ஜன்னலுக்கு வெளியே வரிசை எவ்வளவு நீளமாக நிற்கும் என்று நினைத்துப்பார்த்தார். வரும் வழியில் நல்ல பேனா இரண்டு வாங்கிக்கொண்டார்.

ஆனால் மதிப்பீட்டிலிருந்து விலகுவதற்கு மன்றத்தில் விதி இல்லை. அதுவரை யாரும் விலகியதில்லை, கலைந்துதான் போயிருக்கிறார்கள். விலகலை எப்படிப் பதிவு செய்வது என்று அதிகாரிகள் விவாதிக்க வேண்டியிருந்தது. வெளிப்படைத்தன்மை முதல் கொள்கை என்பதால், சம்பந்தப்பட்ட சமூகத்தின் விவாதப் பக்கத்திலேயே விவாதித்தார்கள்.

விலகுவது ஈடுபாட்டின் உச்சம் என்றது ஒரு தரப்பு. தப்பியோடுதல் என்றது மறுதரப்பு. இரண்டு நாளில் ‘வேளை’யின் பக்கம், அதன் வாழ்நாளில் கண்டதைவிட அதிகமான வார்த்தைகளைக் கண்டது. பழைய பதவி உயர்வுக் கதைகள் வெளியே வந்தன. யார் யாருடைய அறைக்கு வெளியே நின்றார்கள் என்ற விவரம் வந்தது. ஒரு துணைச்செயலர் ராஜினாமா செய்து, மறுபடி சேர்ந்து, மறுபடி ராஜினாமா செய்தார். தலைவர் பொறுமை இழந்து ஒரு வார்த்தை எழுதிவிட்டார்.

அப்போது மைத்துனனின் இடைநீக்கம் முடிந்திருந்தது. நடத்தைக் குழுத் தலைவர் என்ற முறையில் அவன் அதைப் படித்தான். கடையில் பையன்களிடம்கூட அவன் அந்த வார்த்தையைப் பேசியதில்லை. விதிப்படி மன்றத் தலைவரை இரண்டு வாரம் இடைநீக்கம் செய்தான். தலைவர் மேல்முறையீடு செய்தார். மேல்முறையீட்டுக் குழுவும் மைத்துனன்தான். நிராகரித்தான்.

மாத முடிவில் மன்றத்தின் கணினி வழக்கம்போலத் தானாகக் கணக்குப் போட்டது. ‘வேளை’யின் பக்கத்தில் பேசியவர்கள் எல்லோரையும் அது சமூகத்தில் சேர்த்துக்கொண்டது. புதியவர் வருகை ஏராளம். பதில் வேகம் அபாரம். கருத்து மோதல் உண்டு, நடத்தை விதி உயர்ந்த பதவியில் இருப்பவர்மீதும் பாய்ந்திருக்கிறது. பஸ் குணகத்தைப் பொறுத்தவரை, இத்தனை பேர்மீதும் ஏறுமளவுக்குப் பேருந்து இல்லை. கணினி முதல்தரச் சான்றை அச்சடித்தது. யாரும் கையெழுத்துப் போடத் தேவையில்லாத முறை என்பதால் யாராலும் தடுக்கவும் முடியவில்லை.

கண்காணிப்பாளர் அதைச் சட்டம் போட்டு மருந்து ஜன்னலுக்கு மேலே மாட்டினார். “முதல் தரம். நான்தான் சொன்னேனே, வாங்கிடுவீங்கன்னு” என்றார்.

‘வேளை’ தொடர்ந்து ஓடியது. மதிப்பீட்டாளர் மட்டும் ஒருநாள் வரிசையில் வந்து நின்றார், இருமல் மருந்துக்கு. லேபிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். “இதுல எழுதியிருக்கறது சரிதானே?” என்று கேட்டார்.

“சரிதாங்க. ராத்திரி, சாப்பிட்ட பிறகு” என்றார் மருந்தாளர்.

அவர் அதை நம்பாமல் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஆந்தையின் இடதுகைக்கு மெல்ல எழுத்து வந்தது. எழுத்துகள் இடம் மாறி, சில சொற்கள் ஒட்டிக்கொண்டு, ஒரு திருத்தம் வந்தது. உடனே மன்றத்தின் கணினியிலிருந்து மருந்தாளருக்கு ஓர் எச்சரிக்கையும் வந்தது. பங்களிப்பாளரின் தட்டச்சு நடை முழுவதும் மாறியிருக்கிறது, இவர் அதே நபர்தானா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

மருந்தாளர் ‘ஆம்’ என்பதை அழுத்தினார்.

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அடுத்த கேள்வி விரிந்தது. பதிலுக்கு ஒரு முழுப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள்.

டயாலிசிஸ் மையத்தின் மூலை நாற்காலி அவர் நினைவுக்கு வந்தது. ஒன்றும் எழுதாமல் அந்தப் பக்கத்தை மூடினார். ஆந்தை அனுப்பிய வரிகளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப்பார்த்தார். சரியாக இருந்தன. சேர்த்துக்கொண்டார்.